ஈலான் மென்பொருள்: பப்புவாவின் சிறுமொழிகளுக்கு உழைத்த கருவி காணிப் பேச்சுக்குத் தாங்குமா?

ஈலான் (ELAN) என்பது ஒலி, வீடியோப் பதிவுகளைக் கேட்டு எழுதி, பொருள் குறித்து வைக்க உதவும் கணினி மென்பொருள். குமரி மாவட்ட மலையில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் பேச்சுக்கு அது தாங்கும். ஆனால் முதல் நாளே அடுக்குகளைச் சரியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். தமிழ் எழுத்தோடு அது பண்ணும் முரண்டுகளுக்கும் தயாராக இருக்க வேண்டும். பாட்டை மட்டும் பதிந்து பத்திரப்படுத்தப் போகிறவர்களுக்கு ஈலான் தேவையே இல்லை. நல்ல ரெக்கார்டர் ஒன்றும் ஒரு நோட்டும் போதும். ஆட்கள் ஒருவரோடொருவர் பேசுவதைப் பதிந்து, கேட்டு எழுதி, பொருள் போட்டு வைக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல கருவி இப்போதைக்கு இல்லை.

நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் இதைச் செய்து இலவசமாகத் தருகிறது. திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வோக்ஸ்வாகன் அறக்கட்டளையின் நிதியில் 2000-ல் தொடங்கிய அழியும் மொழிகளுக்கான ஆவணத் திட்டத்தோடு சேர்ந்து வளர்ந்த கருவி. அதனால் எழுத்து வழக்கு இல்லாத, சில நூறு பேர் மட்டுமே பேசும் மொழிகளுக்கும் இதன் உள்ளமைப்பு பொருந்தும். பேச்சிப்பாறை, கோதையாறு, பத்துகாணிப் பக்கம் காணி மக்களின் பேச்சைப் பதிவு செய்ய விரும்பும் ஆசிரியர்களும், அந்தக் குடியிருப்புகளிலிருந்தே கல்லூரிக்கு வந்திருக்கும் பிள்ளைகளும் இதைத் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். ஒலிப்பதிவு மட்டும் என்றால் 4 ஜி.பி. ராம் உள்ள பழைய லேப்டாப்பே போதும்.

கருவியை உரசிப் பார்க்கத் தயாப் மொழியை எடுத்துக்கொள்வோம். பப்புவா நியூ கினியின் வடபகுதியில், செப்பிக், ராமு ஆறுகளின் கீழ்ப்பகுதிக்கு இடைப்பட்ட சதுப்புக் காட்டில், காபுன் என்ற ஒரே ஊரில் பேசப்படும் மொழி. பேசத் தெரிந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு. பப்புவா மொழிகள் என்று ஒரு பெயரில் சொன்னாலும் அவை ஒரே குடும்பமல்ல. நியூ கினித் தீவிலும் சுற்றுவட்டாரத்திலும் பேசப்படும், ஆஸ்ட்ரோனேசியக் குடும்பத்தில் சேராத சுமார் 800 மொழிகளுக்குச் சௌகரியத்துக்காக வைத்த கூட்டுப்பெயர் அது. அந்தக் கூட்டத்திலும் தயாப் தனி. எந்த மொழியோடும் அதற்கு உறவு நிறுவப்படவில்லை.

மானுடவியலாளர் டான் குலிக் 1980-களின் நடுவில் அந்த ஊருக்குப் போனபோதே சின்னப் பிள்ளைகள் தயாப் பேசுவதில்லை. டோக் பிசின்தான் பேசினார்கள். ஆங்கிலச் சொற்களை வைத்து உருவாகி, இன்று நாட்டின் பொதுமொழியாகிவிட்ட கலப்பு மொழி அது. ஏன் இப்படி என்று பெற்றோரைக் கேட்டால், பிள்ளைகள்தான் தயாப் வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் டேப் ரெக்கார்டரை ஓடவிட்டுக் கேட்டபோது வேறு கதை. பெற்றோர்தான் பிள்ளையிடம் பேசும்போது தம்மை அறியாமலே டோக் பிசினுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒருவரை உட்காரவைத்துப் பழங்கதை சொல்லச் சொல்லிப் பதிந்திருந்தால் இந்த உண்மை வெளியே வந்தேயிருக்காது. தாயும் பிள்ளையும் சாதாரணமாகப் பேசுவது, அடுப்படியில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவது, தெருச் சண்டை இவையெல்லாம் பதிவில் இருந்தால்தான் ஒரு மொழி எங்கே நழுவுகிறது என்று தெரியும். ஈலானின் உண்மையான பலம் வெளிப்படுவதும் இந்த மாதிரிப் பதிவுகளில்தான்.

அடுக்குகள்

ஈலானில் எல்லாமே அடுக்கு. மெனுவில் 'டியர்' என்று இருக்கும். ஒலியின் அலைவடிவம் மேலே ஓடும். அதன் கீழே ஒவ்வொரு அடுக்கும் ஒரு வரி. தாய் அடுக்கில் பேச்சு. அதன் கீழே பிள்ளை அடுக்குகளாகச் சொற்கள், சொல்லுறுப்புகள் (பகுதி, விகுதி போன்ற சொல்லின் கூறுகள்), பொருள், மொழிபெயர்ப்பு. பேசுபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அடுக்குத் தொகுதி.

காபுன் பெண்கள் போடும் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். க்ரோஸ் என்பார்கள். வீட்டுக்குள் நின்றபடியே ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி ஒருத்தி வசைமாரி பொழிவாள். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இதை வேர்டில் எழுத முயன்றால் யார் எப்போது குறுக்கிட்டார்கள் என்பது காணாமல் போய்விடும். ஈலானில் ஆளுக்கு ஓர் அடுக்கு என்பதால் இரண்டு துண்டுகளும் ஒரே நொடியில் மேலும் கீழுமாக அப்படியே நிற்கும். குடுமிப்பிடிச் சண்டையிலும் வாக்கியம் தப்பாது.

அடுக்கு போடுவதற்கு முன் 'டைப்', அதாவது அடுக்கின் வகை, உருவாக்க வேண்டும். பெரும்பாலோர் வழுக்கி விழுவது இங்கேதான். டைப் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஸ்டீரியோடைப்' கேட்கும். தாய் அடுக்கோடு அது எப்படி இணையும் என்ற விதி அது. பேச்சு அடுக்குக்கு 'நன்'. சொல் அடுக்குக்கும் சொல்லுறுப்பு அடுக்குக்கும் 'சிம்பாலிக் சப்டிவிஷன்'. ஒரு துண்டைப் பலவாகப் பிரிக்க விடுவது அதுதான். மொழிபெயர்ப்புக்கும் குறிப்புக்கும் 'சிம்பாலிக் அசோசியேஷன்', ஒன்றுக்கு ஒன்று. சொல் அடுக்குக்குத் தவறிப்போய் அசோசியேஷன் கொடுத்துவிட்டால், ஐந்து சொல் உள்ள வாக்கியத்துக்கும் ஒரே ஒரு பெட்டிதான் கிடைக்கும். அந்த டைப்பை வைத்து வேலை தொடங்கியபின் ஸ்டீரியோடைப்பை மாற்ற மென்பொருள் விடாது. புது டைப், புது அடுக்கு, எல்லாவற்றையும் மறுபடி நிரப்புதல் என்று போகும்.

அதனால் செய்ய வேண்டியது: இரண்டு நிமிடப் பதிவு ஒன்றை எடுத்து, முழு அமைப்பையும் அதில் போட்டு, ஐந்தாறு வாக்கியத்தைக் கடைசி அடுக்குவரை நிரப்பிப் பாருங்கள். சரியாக இருந்தால் ஃபைல் மெனுவில் 'சேவ் ஆஸ் டெம்ப்ளேட்' கொடுத்தால் .இடிஎஃப் கோப்பு ஒன்று வரும். அதற்குப்பின் எந்தப் பதிவைத் திறந்தாலும் அந்த டெம்ப்ளேட்டைச் சேர்த்தே திறக்க வேண்டும். நான்கு பேர் வேலை செய்கிற குழுவில் ஆளுக்கொரு பெயரில் அடுக்கு வைத்தால் பிறகு எல்லாக் கோப்புகளிலும் ஒரே தடவையில் தேட முடியாது. பெயருக்குப் பதில் குறியீடு வைப்பது நல்லது: பேச்சு@அ, பொருள்@அ, பேச்சு@ஆ. யார் 'அ', வயது என்ன, எந்தக் குடியிருப்பு என்பதெல்லாம் தனித் தாளில் இருக்கட்டும்.

வயது ஏன் முக்கியம் என்பதற்கும் தயாப்பிடமே போகலாம். அங்கே இளைஞர்கள் சிலர் தயாப் பேசுவதே இல்லை. ஆனால் பெரியவர்கள் பேசினால் முழுக்கப் புரியும். ஒரு கதை சொல் என்று தனியாகக் கேட்டால் சொல்லியும் விடுவார்கள். வினைச்சொல்லின் சிக்கலான வடிவங்கள் வரும்போதுதான் தடுக்கும். 'இளைஞருக்குத் தெரியாது' என்று பதியாமல் விட்டிருந்தால் மொழி எந்த மூட்டில் முதலில் கழல்கிறது என்பது கிடைத்திருக்காது. காணிக் குடியிருப்பிலும் எழுபது வயதுக்காரரை மட்டும் தேடிப் போகாதீர்கள்.

கேட்டு எழுதும் வேலை

ஈலானில் பல முறைகள் உண்டு. 'மோட்' மெனுவில் மாற்றலாம். மூன்றை மட்டும் பழகினால் போதும். செக்மென்டேஷன் முறையில் ஒலியை ஓடவிட்டு, பேச்சு தொடங்கும்போது என்டர், முடியும்போது என்டர். துண்டு விழுந்துகொண்டே போகும். அடுத்து டிரான்ஸ்கிரிப்ஷன் முறை. துண்டுகள் அட்டவணையாக வரிசையில் நிற்கும். டேப் விசையை அழுத்தினால் அந்தத் துண்டு மட்டும் ஒலிக்கும், எழுதிவிட்டு என்டர் தட்டினால் அடுத்ததற்குப் போகும். மவுஸைத் தொடவே வேண்டாம். சின்னத் திருத்தங்களுக்கு அனோடேஷன் முறை.

இந்த அனோடேஷன் முறையில் ஒரு பொறி. பெட்டியில் எழுதிவிட்டு வேறு இடத்தில் கிளிக் செய்தால், அமைப்பைப் பொறுத்து, எழுதியது சேமிக்கப்படாமலே போய்விடும். எடிட் மெனுவில் ப்ரிஃபரன்சஸ், அதில் எடிட்டிங் பக்கம் போய், பெட்டியை விட்டு வெளியே வந்தாலும் சேமிக்கும்படி டிக் போடுங்கள். போடாதவரை கன்ட்ரோலும் என்டரும் சேர்த்துத்தான் முடிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் பேக்கப்பும் தானாக இயங்காது. ஃபைல் மெனுவில் அதை 5 நிமிடத்துக்கு வைத்துவிடுங்கள். பேட்டரி செத்த லேப்டாப்பை நேரடிக் கரண்டில் ஓட்டுகிறவர்கள் 1 நிமிடத்துக்கே வைக்கலாம். மலையோர ஊர்களின் மின்சாரத்தைப் பற்றி எழுதி இடத்தை அடைக்க வேண்டியதில்லை. ஈலான் கோப்பின் பெயர் .இஏஎஃப் என்று முடியும். பேக்கப் கோப்பு .இஏஎஃப்.001 என்று முடியும் பெயரில் அதே ஃபோல்டரில் இருக்கும். கடைசி .001-ஐ நீக்கினால் சாதாரணக் கோப்பாகத் திறக்கும்.

நேரக் கணக்கில் ஏமாற வேண்டாம். மூன்று பேர் பேசும் 10 நிமிட உரையாடல் 250, 300 துண்டாவது சாதாரணம். ஒரு மணிநேரப் பதிவை எழுதி, சொல்லுக்குச் சொல் பொருள் போட்டு முடிக்க 40 மணிநேரத்துக்குக் குறையாது. புது மொழியானால் இரண்டு மடங்கும் ஆகலாம். முப்பது மணிநேரம் பதிந்துவிட்டுத் திகைத்து உட்கார்வதைவிட, மூன்று மணிநேரத்தைப் பதிந்து முழுசாக முடிப்பது மேல். பேச்சை எழுத்தாக்கும் தானியங்கிச் செயலிகளிடம் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். தயாப்பை அவை அறியவே அறியா. காணிப் பேச்சைக் கொடுத்தால் பழகிய தமிழாகத் திருத்தி எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. எதற்காகப் பதிந்தோமோ அந்த வேறுபாடுதான் முதலில் காலியாகும்.

தமிழ் எழுத்தில் வரும் சிக்கல்

தயாப்புக்கு ரோமன் எழுத்தே போதும் என்பதால் அங்கே எழாத தலைவலிகள் நமக்கு உண்டு.

முதலாவது, எழுத்துரு. அடுக்கில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அடுக்கின் பண்புகளை மாற்றும் இடத்தில் மோர் ஆப்ஷன்ஸ் போய், எழுத்துருவை நிர்மலா யுஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றினால் சரியாகிவிடும். 

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. 'கொக்கரை' என்ற காணி இசைக்கருவியின் பெயரை இரண்டு பேர் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஒருவருடைய விசைப்பலகை 'கொ'வை க-வுக்குப் பின் ஒற்றை ஒகரக் குறியாகப் போட்டிருக்கும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய இன்னொரு கோப்பில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக நிற்கும். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. குழுவில் எல்லோரும் ஒரே விசைப்பலகை பயன்படுத்துவது பாதி மருந்து. மீதிக்கு, .இஏஎஃப் கோப்பு வெறும் எக்ஸ்எம்எல் எழுத்துக் கோப்புதான் என்பதால், நோட்பேட்++ போன்ற ஒன்றில் திறந்து, பிரிந்து நிற்கும் குறிகளை ஒற்றைக் குறியாக மாற்றிவிடலாம். மாற்றுமுன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. சொல்லுறுப்பாகப் பிரிக்கும்போது தமிழ் எழுத்து ஒத்துழைக்காது. 'வந்தான்' என்பதில் கால இடைநிலை முடிந்து ஆன் விகுதி தொடங்கும் எல்லை 'தா' என்ற எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. 'வந்த்', 'ஆன்' என்று உடைத்து எழுதினால் பேச்சு அடுக்கோடு பொருந்தாது. தமிழ் எழுத்து க, ச, ட, த, ப ஒலிகளின் வல்லோசை மெல்லோசையையும் காட்டாது. மலையாளச் சாயல் கலந்த பேச்சில் அது தெரிந்தாக வேண்டும். ஆகவே பேச்சு அடுக்கை இரண்டாக வையுங்கள். மேலே தமிழில், குடியிருப்பில் உள்ளவர்கள் படித்துத் திருத்த. கீழே ரோமன் ஒலியெழுத்தில், ஆய்வுக்கு. சொல்லுறுப்பு அடுக்கெல்லாம் ரோமனின் கீழேதான் தொங்க வேண்டும். வேலை கூடும், வேறு வழியில்லை.

கலப்பைக் குறிப்பதிலும் காபுனுக்கும் நமக்கும் வித்தியாசம் உண்டு. ஈலானில் 'கண்ட்ரோல்டு வொகாபுலரி' என்று ஒரு வசதி. முன்கூட்டியே பட்டியல் கொடுத்துவிட்டால் அதிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும், எழுத்துப் பிழைக்கு இடமில்லை. தயாப் வாக்கியத்துக்குள் டோக் பிசின் சொல் வந்தால் அதைக் குறித்துவிடலாம். இரண்டும் உறவே இல்லாத மொழிகள், காதுக்கே தெரியும். காணிப் பேச்சு தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கிய சொந்தம். ஒரு சொல்லைப் பிடித்து இது தமிழ், இது மலையாளம், இது காணி என்று முத்திரை குத்தப் போனால் பாதி இடத்தில் நம் ஊகம்தான் பதிவாகும். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோட்டுக்காரர் பேசும் தமிழையே அப்படிப் பிரிக்க முடியாது. அந்த அடுக்கை விட்டுவிடுங்கள். சந்தேகமான சொல்லுக்குக் குறிப்பு அடுக்கில் ஒரு வரி எழுதினால் போதும்.

ஒலி சரியில்லை என்றால் ஈலான் ஒன்றும் செய்யாது

ஈலானுக்கு வேவ் கோப்பு கொடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். ஸ்டீரியோவில் மணிக்கு 1 ஜி.பி. பிடிக்கும். எம்பி3-யில், அதிலும் பிட் அளவு ஏறி இறங்கும் வகையில், பதிவின் பிற்பகுதிக்குப் போகப் போகத் துண்டும் ஒலியும் விலகக்கூடும். வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய ஒலியை அடாசிட்டியில் வேவாக மாற்றினால் கோப்புதான் பெரிதாகும், போன தரம் திரும்பாது. கோப்பின் இடத்தையும் மாற்றாதீர்கள். ஈலான் கோப்புக்குள் ஒலி இல்லை, ஒலி இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே உண்டு. .இஏஎஃப்பை மட்டும் பென்டிரைவில் கொடுத்தனுப்பிவிட்டு 'திறக்கவில்லை' என்பது இந்த மென்பொருளைப் பற்றிச் சொல்லப்படும் புகார்களில் மிகப் பழையது. ஒலி, .இஏஎஃப், அதோடு வரும், நம் அமைப்புகளைச் சேமிக்கும் .பிஎஃப்எஸ்எக்ஸ் மூன்றும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்.

இரண்டு பேர் பேச்சு என்றால் இரண்டு காலர் மைக். ஒன்று இடத் தடத்துக்கு, ஒன்று வலத் தடத்துக்கு. ஈலான் இரண்டு அலைவடிவத்தையும் தனித்தனியாகக் காட்டும் என்பதால் யார் எங்கே தொடங்கினார்கள் என்பது கண்ணுக்கே தெரியும்.

காணிகளின் சடங்குப் பாட்டான சாற்றுப் பாட்டைப் பதிவது தனிக் கலை. சடங்கு நடத்தும் பிலாத்தி பாடும்போது கூடவே கொக்கரை ஒலிக்கும். பல் வெட்டிய இரும்புக் குழலை இரும்புக் கம்பியால் உரசும் கருவி; உரசல் கூர்மையானது, விடாமல் வருவது. ரெக்கார்டரில் ஆட்டோ கெயின் ஓடிக்கொண்டிருந்தால், உரசல் வரும்போதெல்லாம் அளவை இறக்கிவிடும், குரல் அமுங்கும். உரசல் நிற்கும் இடைவெளியில் அளவு ஏறிச் சீவீட்டின் (சில்வண்டின்) இரைச்சல் பொங்கிவரும். பிறகு எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது. ஆட்டோவை அணைத்து, மிக உரத்த இடத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கையால் வையுங்கள். ஒருதிசை மைக்கைப் பாடுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் நிறுத்தி, அதன் முதுகு கொக்கரையைப் பார்க்கும்படி திருப்பிவிடுங்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம். தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்றைய பதிவு போச்சு. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் நாட்களில் பால்வெட்டும் ஓய்ந்திருக்கும். காலையிலேயே ஆட்கள் வீட்டில் கிடைப்பார்கள். மற்ற மாதங்களில் பால் எடுத்து முடிக்கும்வரை யாரும் உங்களோடு உட்காரமாட்டார்கள், உட்காரச் சொல்வதும் நியாயமில்லை.

வீடியோவும் சேர்க்கலாம். நியூ கினியின் தென்பகுதியில் ரூக்கு என்ற ஊரில் 200 பேர் அளவில் பேசும் கோம்ன்சோ மொழியில் எண்ணிக்கை ஆறாறாகப் போகும்: 6, 36, 216, 1296 என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். நம்மூரில் காச்சில் என்கிறோமே, அந்த இனத்துக் கிழங்கை அங்கே எண்ணும்போது இரண்டு பேர் ஆளுக்கு மூன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே எண்ணைக் கூவுவார்கள். ஒலியை மட்டும் கேட்டால் ஒன்று என்று கூவும்போது குவியலில் ஆறு கிழங்கு விழுகிறது என்பது தெரியவே தெரியாது. கை அசைவுக்கு ஓர் அடுக்கு, கூவலுக்கு ஓர் அடுக்கு போட்டால் கணக்கு விளங்கிவிடும். தேன் எடுப்பது, பொறி செய்வது போன்ற வேலைகளைப் பதிகிறவர்களுக்கு இந்த வசதி மிகவும் உதவும். போனில் எடுப்பதானால் கேமரா அமைப்பில் ஹெச்.264-ஐத் தேர்ந்தெடுங்கள். ஹெச்.265-ல் எடுத்த வீடியோ பல விண்டோஸ் கணினிகளில் ஈலானுக்குள் கறுப்புப் பெட்டியாகத்தான் தெரியும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்

அகராதிதான் நோக்கம் என்றால் எஸ்ஐஎல் அமைப்பின் ஃபீல்டுவொர்க்ஸ்தான் சரி. ஈலானுக்குள்ளும் சொல்தொகை வசதி உண்டு, ஆனால் அது ஒப்புக்கு இருப்பது. ஈலானில் எழுதியதை ஃப்ளெக்ஸ்டெக்ஸ்ட் கோப்பாக ஏற்றுமதி செய்து அங்கே கொண்டுபோகலாம். சுருதி, ஒலி நீளம் அளக்க ப்ராட் என்ற மென்பொருள். கணினி அவ்வளவாகப் பழகாதவருக்கு சேமோர் என்ற மென்பொருள் எளிது. விண்டோஸில் மட்டும் ஓடும், ஆனால் அது உருவாக்கும் கோப்பை ஈலானே திறக்கும் என்பதால் துண்டு போடும் வேலையை அங்கே முடித்துவிட்டு இங்கே வரலாம். ஈலானின் பெரிய குறை, ஒரே கோப்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியாது. பிரித்துக் கொடுத்து, பிறகு மெர்ஜ் செய்ய வேண்டும். அப்போது அடுக்குப் பெயரில் ஓர் இடைவெளி வித்தியாசம் இருந்தாலும் தனி அடுக்காக எண்ணிவிடும். மெனுவும் தமிழில் இல்லை.

அனுமதி விஷயத்தில் மென்பொருள் உதவாது, நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு வனத்துறையின் ஒப்புதல், ஊர்த் தலைவரான மூட்டுக்காணியிடமும் பாடுபவரிடமும் தனித்தனியாகச் சம்மதம். சம்மதத்தை அவர்கள் குரலிலேயே பதிந்து முதல் துண்டாக வைக்கலாம். மருந்துச் செடிகளின் பெயரும் பயனும் வரும் துண்டுகளைப் பொதுவில் ஏற்றாதீர்கள். அகத்தியமலையின் கேரளப் பக்கத்துக் காணிகள் அடையாளம் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து 1990-களில் மருந்து தயாராகி, அதன் வருவாயில் அவர்களுக்குப் பங்கு எவ்வளவு என்பது உலகம் முழுக்கப் பேசப்பட்ட விவகாரம். இதற்கென்று ஒரு தனி அடுக்கு போட்டு, 'மூடியது' என்ற சொல்லை அதன் பட்டியலில் வைத்து, அத்தகைய துண்டுகளுக்கெல்லாம் போட்டுவிட்டால், ஏற்றுமதிக்கு முன் தேடிப் பிரித்துவிடலாம்.

பதிந்ததை அந்த வீடுகளுக்கே திருப்பிக் கொடுக்க ஃபைல், எக்ஸ்போர்ட் ஆஸ், சப்டைட்டில்ஸ் போய், தமிழ்ப் பேச்சு அடுக்கை மட்டும் தேர்ந்தெடுத்து எஸ்ஆர்டி கோப்பாக எடுங்கள், என்கோடிங் யுடிஎஃப்-8. துண்டு ஒரு நொடிக்கும் குறைவாக இருந்தால் வரி மின்னி மறைந்துவிடும். குறைந்தபட்ச நேரத்தை 1500 மில்லிநொடி என்று அதே பெட்டியில் கொடுக்கலாம். பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினால் பல டிவிகள் தமிழ் சப்டைட்டிலை உடைத்துக் காட்டும். ஆகவே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மென்பொருளில் வீடியோவையும் எஸ்ஆர்டியையும் சேர்த்து, 'பர்ன் இன்' டிக் செய்து, எழுத்தைப் படத்தோடு பதித்த எம்பி4-ஆகக் கொடுங்கள்.